கடைவீட்டு மாடி

தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளிக்குப் பொது விடுமுறை கிடையாது. சபாவிலும் சரவாக்கிலும் உண்டு. சிலாங்கூரில் அது சாதாரண வேலை நாள். தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் சொன்னால் நம்புவதில்லை. "கிறிஸ்மஸுக்கு விடுறாங்கன்னா இதுக்கு மட்டும் ஏன் விடல?" என்று என்னையே கேட்பார்கள், ஏதோ அந்த முடிவை எடுத்ததே நான்தான் என்பதுபோல.

1983இல் கிள்ளான் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. காப்பார் வட்டாரத் தோட்டங்களுக்குள் விடியுமுன் ஃபேக்டரி பஸ் வந்து எங்களைப் போன்ற பெண்களை அள்ளிக்கொண்டு போன காலம் அது. அம்மா தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரம் வெட்டியவர். மகள் கூரைக்குக் கீழே உட்கார்ந்து சம்பாதிக்கப் போகிறாள் என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. சேர்ந்த பிறகு வந்த முதல் பெரிய வெள்ளிக்கே லீவு கேட்டேன். சூப்பர்வைசர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துவிட்டு, "இதுல சிவப்பா போடலியே" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அவர் கெட்டவர் இல்லை. காலண்டரில் சிவப்பாக இல்லாத எதுவும் அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

வழி காட்டியவர் லைனில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண். என்னைவிட மூத்தவர், 'காக்', அக்கா, என்றுதான் கூப்பிடுவேன். நோன்பு மாதத்தில் அவர் நோன்பு திறக்கப் போகும் நேரத்தில் அவர் இடத்தையும் சேர்த்து நான் பார்த்துக்கொள்வேன். பெரிய வெள்ளியன்று என் ஷிஃப்டை அவர் எடுத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை மதியம் ஆண்கள் ஜும்மா தொழுகைக்குப் போய்விட, லைன் பாதி காலியாகக் கிடக்கும். அந்த நேரத்தில் இன்னொருத்தியின் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வது லேசான காரியமல்ல. ஆனாலும் அவர் வேலையை விட்டுப் போகும்வரை இந்த ஏற்பாடு நடந்தது. பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை கோயிலில் உட்கார்ந்து என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டார். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்போம் என்றேன். "ஏழு வார்த்தைக்கு மூணு மணி நேரமா?" என்று சிரித்தார். எங்கள் பிரசங்கியார்களை அவர் கேட்டதில்லை.

இப்போதெல்லாம் எங்கள் பக்கத்துக் கன்வென்ஷன்களுக்குப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் காலம் கெட்டுப்போனதைப் பற்றியே பேசுகிறார்கள். கைப்பேசி, சினிமா, பிள்ளைகளின் உடை, அரசாங்கம், சட்டம் என்று அடுக்குவார்கள். கேட்டுவிட்டு எழுந்தால் கால் கனத்துப்போகும். கெட்டது எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பலவற்றைக் காப்பாரில் இருந்தபடியே பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் சபையை மெலியவைத்தவை அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருப்பதில்லை. அதைத் தாங்கிப் பிடித்தவர்களோ மேடை ஏறியவர்களே இல்லை.

நான் வளர்ந்த தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். மற்ற லயங்களிலெல்லாம் இந்துக்கள். நடுவில் மாரியம்மன் கோயில், ஓரத்தில் எங்கள் ஜெபக்கூடம். அது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பழைய ஆயாக்கொட்டகை. புதுசு கட்டியதும் பழையதை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார் அப்போதிருந்த துரை. தகரக் கூரை என்பதால் மழை பிடித்துக்கொண்டால் ஒரு வார்த்தையும் காதில் விழாது. போதகர் ஐயா பிரசங்கத்தை நிறுத்திக்கொள்வார், நாங்கள் பாட ஆரம்பித்துவிடுவோம். கிள்ளானிலிருந்து அவர் மோட்டார்சைக்கிளில் மாதத்துக்கு ஒருமுறை வருவதே பெரிய பாடு. மற்ற ஞாயிறுகளில் தாத்தாதான் ஆராதனை நடத்துவார். அவருக்குப் பிரசங்கம் வராது. வேதத்தில் ஒரு அதிகாரத்தை வாசிப்பார், கொஞ்ச நேரம் சும்மா இருப்பார், அடுத்த அதிகாரத்தை வாசிப்பார். பிற்பாடு எத்தனையோ பெரிய பிரசங்கிகளைக் கேட்டுவிட்டேன். தாத்தாவின் முறையில் ஒரு நியாயம் இருந்தது என்றே தோன்றுகிறது.

வீட்டு ஜெபம் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, முன்னால், இரவில் இன்ஜினை நிறுத்துவதற்கு முன்னால். தோட்டத்து ஜெனரேட்டரைப் பத்து மணிக்கு நிறுத்துவார்கள், அதற்குள் சங்கீதம் வாசித்து முடிக்க வேண்டும். நாங்கள் பிள்ளைகள் வேண்டுமென்றே 119ஆம் சங்கீதத்தைக் கேட்போம், நடுவில் விளக்கு போய்விடும் என்று. தாத்தா இருட்டிலும் நிறுத்தமாட்டார். மனப்பாடம்.

தாத்தா வேலையை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தவர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களைக் கலக்கிய வேலைநிறுத்தத்தைக் கண்ணால் பார்த்தவர். ஆர். எச். நாதன் என்பவர் முன்னின்ற போராட்டம் அது. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்காமல் போகும் உரிமை, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுவது எல்லாம் கோரிக்கைகளில் இருந்தன. நாதனைக் கைதுசெய்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். படையை இறக்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தக் கோரிக்கைகளில் மெதடிஸ்ட்காரரான தாத்தாவுக்கு மிகவும் பிடித்தது கள்ளுக்கடைதான். "நாங்க ஜெபத்துல கேட்டத அவங்க ரோட்டுல நின்னு கேட்டாங்க" என்பார். கள்ளுக்கடை அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தது. தாத்தாவும் ஜெபத்தில் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

மாரியம்மன் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தலுக்கு எங்கள் லயத்திலிருந்து ஆள் போகும். பிரசாதம் மட்டும் வாங்கமாட்டோம். அதைக் கோயில்காரர்களும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. கிறிஸ்மஸுக்குப் பூசாரித் தாத்தா வீட்டுக்கு முறுக்கும் கேக்கும் போகும். எங்கள் பக்கத்துச் சில பெரியவர்கள், அந்தக் காலத்தில் எல்லாரும் ஒன்றாக இருந்தோம் என்று இதை இப்போது தேன் தடவிச் சொல்கிறார்கள். உரசல்கள் இருந்தன. ஒரு இந்துப் பெண் எங்கள் ஜெபக்கூடத்துக்கு வர ஆரம்பித்தபோது அவள் அண்ணன்மார் வந்து தகரத்தில் கல்லெறிந்தார்கள். எங்களுக்குள்ளேயே ஊரிலிருந்து கொண்டுவந்த சாதி, கல்யாணப் பேச்சு என்றதும் தலைதூக்கும். ஆனால் காலையில் எல்லாரும் ஒரே பெரட்டுக் களத்தில் நின்றாக வேண்டும். யாரும் யாரையும் தவிர்த்துவிட்டுப் போய்விட முடியாது.

எண்பதுகளில் சித்தப்பா மகன் ஒரு மலாய்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். இந்த நாட்டுச் சட்டப்படி முஸ்லிமைக் கல்யாணம் செய்கிறவர் மதம் மாறியாக வேண்டும்; மாறிப் போனால் திரும்பி வருவது அநேகமாக நடக்காத காரியம். சித்தப்பா அவன் பேரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்றார். எங்கள் பாட்டி, ஆயா என்போம், ஒன்றும் சொல்லவில்லை. கிள்ளான் பசாருக்குப் போய் ஒரு புதுச் சட்டி, ஒரு கரண்டி, இரண்டு தட்டு வாங்கிவந்து மேல்தட்டில் தனியாக வைத்தார். அவன் வரும் நாளில் முஸ்லிம் கடைக் கோழி வாங்கி அந்தச் சட்டியில்தான் சமைப்பார். சாப்பிட்டு முடித்ததும், அவன் எதிரிலேயே, எப்போதும்போல ஜெபம் செய்வார். அவனுக்காகக் குரலை ஏற்றவும் மாட்டார், இறக்கவும் மாட்டார். ஆயா இறந்தபோது அவன் கல்லறைத் தோட்டம்வரை வந்தான். விசுவாசத்தில் உறுதியாக நிற்பது எப்படி என்று யாராவது பிரசங்கம் செய்தால் எனக்கு அந்தச் சட்டிதான் ஞாபகம் வரும். ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

தொண்ணூறுகளில் தோட்டம் கலைந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தார்கள். செம்பனைக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட கைகளும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் குறைந்த கூலிக்கு வந்தன. பிறகு செம்பனையும் போய், தாமான் குடியிருப்புகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. கடற்கரைப் பக்கம் சுல்தான் சலாவுடின் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் அதற்கு முன்பே எழும்பிவிட்டன. இரவில் அவற்றின் உச்சியில் எரியும் சிவப்பு விளக்குகளை வைத்துத்தான் இப்போது தோட்டம் இருந்த திசையைக் கண்டுபிடிக்கிறேன். குடும்பங்கள் சிதறின. சிலர் காப்பார் பட்டணத்தில் மலிவு விலை வீடுகளுக்கு, சிலர் மேருவுக்கு, சிலர் ஷா ஆலம், பூச்சோங். ஜெபக்கூடத்து நிலத்துக்கு எங்கள் பேரில் கிராண்ட், பட்டா, கிடையாது. வாய்வார்த்தையில் வந்தது, அப்படியே போனது. மாரியம்மன் கோயிலுக்கும் அதே கதிதான். அவர்கள் எண்ணிக்கையில் பெரியவர்கள் என்பதால் அலைந்து திரிந்து வேறிடத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கிக்கொண்டார்கள்.

2007 அக்டோபர் 30ஆம் தேதி, தீபாவளிக்குச் சில நாள் முன்னால், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை இடித்தபோது எங்கள் பழைய தோட்டத்துக்காரர்கள் பலர் அங்கே ஓடினார்கள். அடுத்த மாதம் 25ஆம் தேதி கோலாலம்பூரில் இந்துக்களின் உரிமைக்காக ஹிண்ட்ராப் பேரணி. எங்கள் சபையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்படவில்லை. அது அவர்கள் பிரச்சினை என்று ஒரு மூப்பர் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. தகரக் கூரையை இழந்த எங்களுக்கு அது எப்படி அடுத்தவர் பிரச்சினை ஆகும்?

அதற்குள் நாங்கள் கடைவீட்டு மாடிக்கு வந்திருந்தோம். இந்த நாட்டில் கோயில் கட்ட நிலமும் அனுமதியும் வாங்குவது வருஷக் கணக்கில் இழுக்கிற வேலை. சிறிய சபைகள் பல, கடைவீடுகளில்தான் ஆராதனை நடத்துகின்றன. எங்களுக்குக் கீழே டயர் கடை. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். அமைதியாக ஜெபிக்கும் நேரம் பார்த்துக் காற்றுத் துப்பாக்கி நட்டு கழற்றும். மாடிப்படி செங்குத்து, முட்டி வலிக்கும் பாட்டிமார் நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். தோட்டத்தில் நடந்தே வந்தவர்களை இப்போது வேன் வைத்து அழைத்துவர வேண்டியிருந்தது. அந்த வேனை ஓட்டிய அண்ணன் பகலில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஞாயிறு அதிகாலை மேருவில் தொடங்கி வீடு வீடாக நின்று, ஹார்ன் அடித்து, பல் துலக்காத பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வருவார். பெட்ரோல் காசை ஒழுங்காகக் கொடுத்தோம் என்று சொல்ல மாட்டேன். அவர் மட்டும் ஓட்டாமல் போயிருந்தால் அந்தச் சபை தொண்ணூறுகளைத் தாண்டியிருக்காது. எங்கள் ஜூபிலி மலரில் போதகர்கள் எல்லார் படமும் இருக்கிறது. அவர் படம் இல்லை.

செய்தித்தாளில் வருகிற சோதனைகள் எங்கள் மாடிவரை வந்தது 2010இல்தான். கத்தோலிக்க வார இதழான ஹெரால்ட், தன் மலாய்ப் பகுதியில் அல்லாஹ் என்ற சொல்லைப் பயன்படுத்தலாம் என்று 2009 டிசம்பர் 31ஆம் தேதி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஜனவரி 8ஆம் தேதி இரவோடு இரவாக டேசா மெலாவாத்தியில் மெட்ரோ டேபர்னக்கல் சபையின் அலுவலகத்தை எரித்தார்கள். வேறு சில கோயில்கள்மீதும் தாக்குதல் நடந்தது. அந்த ஞாயிறு எங்கள் கடைவீட்டுக்குக் கீழே போலீஸ் கார் நின்றது. டயர் கடைச் சீனர் மேலே ஓடிவந்து, "என்ன, உங்க காணிக்கைப் பெட்டியைத் திருடிட்டாங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். பல மாதமாக முகம் காட்டாதவர்கள்கூட வந்திருந்தார்கள். பயம் ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று அன்று தெரிந்தது. போலீஸ் கார் போனபின் அவர்களில் பாதிப்பேர் திரும்ப வரவில்லை.

அந்தத் தீர்ப்பு 2013 அக்டோபரில் மேல்முறையீட்டில் கவிழ்ந்தது. 2014 ஜனவரி 2ஆம் தேதி சிலாங்கூர் இஸ்லாமிய சமய இலாகா பெட்டாலிங் ஜெயாவில் வேதாகமச் சங்கத்து அலுவலகத்தில் சோதனை போட்டு, மலாய், இபான் மொழி வேதாகமங்கள் முந்நூற்றுக்கு மேல் எடுத்துப்போனது. கிள்ளானில் கோயில்களுக்கு முன்னால் ஆர்ப்பாட்டம் நடக்கும் என்று பேச்சு. ஜனவரி 5, ஞாயிறு. கிள்ளான் லூர்து மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த சொந்தக்காரப் பெண் ஒருத்தி சாயங்காலம் போன் செய்தாள். வாசலில் முஸ்லிம்கள் நின்றிருந்தார்கள் என்றாள். எனக்கு வயிறு கலங்கியது. கையில் பூ வைத்திருந்தார்கள், வெளியே வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள் என்று அப்புறம் சொன்னாள். முன்னாள் பிரதமரின் மகள் மரினா மகாதீரும் நின்றாராம். நான் அந்த 'காக்'கை நினைத்துக்கொண்டேன். எந்தப் பேப்பரும் அவரைப் படம் எடுக்கப் போவதில்லை.

அடுத்த வருஷம் ஏப்ரலில் தாமான் மேடானில், எங்களைப் போலவே கடைவீட்டில் தொடங்கிய ஒரு புதுச் சபையின் வாசலில் ஐம்பது பேர் கூடி, வெளிச்சுவரில் மாட்டிய சிலுவையை எடுக்கச் சொன்னார்கள். அன்றைக்கே எடுத்தார்கள். எங்கள் கமிட்டிக்கு அந்த வாரம் இதே பேச்சு. முகப்பில் சபைப் பெயர்ப் பலகையை மாற்ற ஏற்கெனவே காசு சேர்த்திருந்தோம். அதில் சிலுவை வேண்டுமா?

"வம்பு எதுக்கு? உள்ள இருக்கறது போதாதா?" என்றார் செயலாளர்.

"கீழ டயர் கடைக்காரன் இத்தாம் பெரிய டயர் படம் போட்டிருக்கான். நம்ம மட்டும் ஒளிஞ்சிக்கணுமா, அங்கிள்?" என்றான் பொருளாளர் தம்பி.

வெளியே மாட்ட வேண்டும் என்ற பக்கம் நானும் கை தூக்கினேன். தோற்றோம். பலகையில் நான்கு மொழியில் சபைப் பெயர் மட்டும், சிலுவை மாடிப்படித் திருப்பத்தில் என்று முடிவானது. எனக்கு இன்றைக்கும் அது சம்மதமில்லை. ஆனால் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் பாட்டிமாருக்கு அது நேர் எதிரே இருக்கிறது என்று அவர்களே சொன்னபின் சண்டை போடுவதை விட்டுவிட்டேன்.

அந்தப் பலகைதான் இபான் பையன்களைக் கொண்டுவந்தது. சரவாக்கிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள். அங்கே இபான் மக்களுக்கென்றே மெதடிஸ்ட் மாநாடு உண்டு, தமிழர்களான எங்களுக்குத் தனி மாநாடு இருப்பதைப் போல. மெதடிஸ்ட் என்ற எழுத்தைப் பார்த்து இரண்டு பேர் ஏறி வந்து, ஒன்றும் புரியாத தமிழ் ஆராதனையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரம் ஆறு பேர். அப்புறம் மதியம் அவர்களே மலாயில் ஆராதனை நடத்திக்கொள்ள மாடியைக் கொடுத்தோம். மின்சாரக் கட்டணம் யார் கொடுப்பது, டிரம்ஸை யார் கிழித்தது என்ற வழக்குகள் தனி.

அவர்கள் கையிலிருந்த வேதாகமத்தின் அட்டையில் சிலுவையும் 'கிறிஸ்தவ வெளியீடு' என்ற எழுத்தும் இருந்தன. 2009 மார்ச்சிலிருந்து போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இதே மலாய் வேதாகமங்கள் ஐயாயிரம் பிரதிகளைத் தடுத்து வைத்திருந்தார்கள். 2011இல்தான், இப்படி அட்டையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி விட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம் அந்தத் துறைமுகம். செய்தியைப் படித்தபோது அது எங்களைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் தமிழ் வேதாகமத்தை யாரும் தடுத்ததில்லை. 2020 கணக்கெடுப்பில் இந்த நாட்டுக் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு, அவர்களில் பெரும்பாலோர் சபா, சரவாக் மக்கள். அந்தப் புத்தகம் அவர்களுடையது. தமிழ்ச் சபைகளில் நாங்கள் துன்பப்படுத்தப்படுகிறோம் என்று உருக்கமாகப் பேசுகிறபோது, உண்மையில் அடி விழுந்தது இந்தப் பிள்ளைகள்மீது என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம்.

எங்களை மெலியவைத்தது ஷிஃப்டும் தூரமும். ஞாயிற்றுக்கிழமைக்கு இரட்டைச் சம்பளம் என்று தொழிற்சாலை சொன்னால், வீட்டுக் கடன் கட்டுகிறவனிடம் ஓய்வுநாளைப் பற்றிப் பேசுவது சுலபம், கேட்பது கஷ்டம். அதற்கு மேல் மொழி. காப்பாரில் மெதடிஸ்ட் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் நடக்கிறது. ஆனால் அதில் படித்த பிள்ளைகளே இடைநிலைப் பள்ளிக்குப் போனபின் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். திரையில் கீர்த்தனைகளை ரோமன் எழுத்தில் போட ஆரம்பித்தோம். ழகரம் படும் பாட்டைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறேன்; எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே. போடாதே என்று கமிட்டியில் ஒருநாளும் சொன்னதில்லை. பையன்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பதைவிட இது தேவலை.

என் மகள் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறாள். என் சின்ன வயதில் அந்த ஊர் எனக்குச் சொர்க்கம். ரயில்வேயில் வேலை பார்த்த மாமா ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். 1905இல் கட்டிய அந்த வரிசை வீடுகள் இப்போது இல்லை. பள்ளி விடுமுறையில் அங்கே போனால் மெதடிஸ்ட், லுத்தரன், கத்தோலிக்கர் என்று நடக்கிற தூரத்துக்குள் எல்லாக் கோயிலும் இருக்கும். தோட்டத்தில் பத்து வீட்டைப் பார்த்துப் பழகிய எனக்கு, தெருவே வேதப்புத்தகத்தோடு நடப்பதுபோல் இருந்தது. சீயோன் லுத்தரன் ஆலயத்தில் ஒருமுறை ஆர்கன் கேட்டுவிட்டு வாரக் கணக்கில் எங்கள் தகரக் கூரையைக் கேவலமாகப் பார்த்தேன். மகள் இப்போது அங்கே அடுக்குமாடியில் இருந்துகொண்டு, தமிழ்க் கோயில்களைத் தாண்டி, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஆங்கிலச் சபைக்குப் போகிறாள். இருட்டறை, வண்ண விளக்கு, காதைப் பிளக்கும் பாட்டு. ஒருமுறை கூட்டிக்கொண்டு போனாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"காபி நல்லா இருந்துச்சு" என்றேன்.

என்னை முறைத்தாள். ஆனால் அவளும் அவள் தோழிகளும் வாரத்தில் ஒருநாள் வேலை முடிந்து, சாப்பிடாமல்கூட, மியன்மாரிலிருந்து தப்பிவந்த சின் இனப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள். இளைஞர்கள் பின்வாங்கிப் போனார்கள் என்று எங்கள் மேடைகளில் சொல்லும்போது நான் கை தூக்கிக் கேட்க நினைப்பேன்: எதிலிருந்து, எங்கே?

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. மாடியைப் பூட்டினோம். அந்த ஏப்ரலில் பெரிய வெள்ளிக்கு எங்கள் சபையில் அநேகமாக யாரும் லீவு கேட்க வேண்டியிருக்கவில்லை, கையுறைத் தொழிற்சாலைக்காரர்களைத் தவிர. அவர்கள் ஓயாமல் ஓடினார்கள். நவம்பரில் மேருவில் தொழிலாளர் விடுதிகளுக்குள் தொற்று புகுந்தபோது அந்த வட்டாரமே கம்பிவேலிக்குள் போனது. எங்கள் பாட்டிமாருக்கு ஸூம் தெரியாது. வேன் அண்ணன்தான் ஒரு வேலை செய்தார். வேன் ஓட்டமில்லாமல் வீட்டில் கிடந்தவர், ஞாயிறு காலையில் தான் ஹார்ன் அடிக்கும் அதே வரிசையில், அதே நேரத்தில், ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். "ஆண்ட்டி, ஏறிட்டீங்களா?" என்று கேட்பார். ஒரு சங்கீதம் வாசிப்பார், அடுத்த வீடு. வாசிப்பும் தடுமாறும். கட்டுப்பாடு தளர்ந்து மாடியைத் திறந்தபோது, அந்த வரிசையில் இருந்தவர்களில் இறந்துபோனவர்கள் தவிர எல்லாரும் படி ஏறி வந்தார்கள்.

போன வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு இபான் பையன்களையும் சேர்த்துக்கொண்டோம். ஆராதனை முடிந்ததும் ஏலம். முருங்கைக்காய்க் கட்டு, வாழைத்தார், உயிர்க்கோழி, யாரோ சுட்ட பட்டர் கேக். முருங்கைக்காய் முப்பது வெள்ளிக்குப் போகும். கடையில் மூன்று வெள்ளி. அதுதான் விளையாட்டு. பையன்களில் மூத்தவன் கொண்டுவந்து மேசையில் வைத்த பாட்டிலில் வெள்ளையாக ஏதோ இருந்தது. இளநீர் என்று நினைத்து ஏலம் விடுகிறவர் தூக்கிக் காட்டிவிட்டார். பத்து, பதினைந்து என்று ஏறியபின்தான் ஒருத்தர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். துவாக், ஒரு வகைக் கள். காவாய் அறுவடைப் பண்டிகைக்கு ஊரில் அவன் அம்மா அரிசியைப் புளிக்கவைத்துச் செய்தது, மிச்சம் வைத்து, விமானத்தில் பத்திரமாகக் கொண்டுவந்தது. தன்னிடம் இருந்ததிலேயே நல்லதைக் கொடுத்திருக்கிறான். நின்றபடி சிரித்துக்கொண்டிருந்தான்.

போதகர் கூரையைப் பார்த்தார். செயலாளர் செருமினார். பின்வரிசையிலிருந்து எண்பது தாண்டிய பாட்டி ஒருத்தர், எங்கள் தாத்தாவிடம் ஞாயிறு பள்ளி படித்தவர், "ஐம்பது வெள்ளி" என்றார்.

"பாட்டி, அது வந்து..."

"தெரியும். என் கால்வலிக்குத் தேய்க்க. தம்பி, அந்தப் பையன்கிட்ட நல்லா இருந்துச்சுன்னு சொல்லு."

மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. ஐம்பது வெள்ளிக்கு முடிந்தது. பொருளாளர் தம்பி கணக்குப் புத்தகத்தோடு என் பக்கத்தில் வந்து குனிந்தான். "ஆண்ட்டி, இத என்னன்னு எழுதறது? வருஷக் கடைசியில ஆடிட்டுக்குப் போகணும்."

"அரிசின்னு எழுது" என்றேன்.